இடைக்கால வரலாற்றை 6 முதல் 8ஆம் வகுப்பு வரை நடத்துவதும் மதிப்பிடுவதும்: முழுமையான வழிகாட்டி

இடைக்கால வரலாறு என்றதும் மாணவர் மனதில் நிற்பவை மூன்றுதான்: மன்னர் பெயர், போர், ஆண்டு. இதற்குப் பாடநூலைக் குறை சொல்வது வழக்கம். பாதிப் பழி வினாத்தாளைச் சேர வேண்டும். வகுப்பில் கல்வெட்டைக் காட்டி, வரைபடம் விரித்து, விவாதம் நடத்திவிட்டுத் தேர்வில் "முதலாம் ராஜராஜன் அரியணை ஏறிய ஆண்டு எது?" என்று மட்டும் கேட்டால், அடுத்த பருவத்தில் பிள்ளைகள் விவாதத்தின்போது ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். எது மதிப்பெண் தரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் இந்த வழிகாட்டி வினாத்தாளில் தொடங்கி வினாத்தாளிலேயே முடிகிறது. கணக்குக்கு எடுத்துக்கொண்டது 40 நிமிடப் பாடவேளை 12, வகுப்பில் 30 பேர். உங்களுக்கு 8 பாடவேளைதான் கிடைக்கும் என்றால் நாடகத்தையும் படத்தொகுப்பையும் விடுங்கள். சான்று வாசிப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் கேள்வி, பிறகு பகுதி

"சோழர்கள்", "டெல்லி சுல்தானியம்", "ஐரோப்பிய நிலமானிய முறை" என்பவை பகுதித் தலைப்புகள். பாடத்தை இழுத்துச் செல்ல ஒரு கேள்வி வேண்டும். நல்ல கேள்விக்கு அடையாளம், இரண்டு மாணவர் ஒரே சான்றைப் படித்துவிட்டு வேறு வேறு விடை சொல்ல இடமிருப்பது. "குடவோலை முறை என்றால் என்ன?" என்பதற்கு ஒரே விடை. "உத்திரமேரூரில் ஊரை ஆண்டது யார்?" என்றால் வகுப்பு கொஞ்சம் சூடு பிடிக்கும். "கறுப்புச் சாவுக்குப் பிறகு ஐரோப்பிய உழவர் வாழ்க்கை மேம்பட்டதா?" என்பதும் அப்படித்தான் (கறுப்புச் சாவு என்பது 14ஆம் நூற்றாண்டின் பெரும் கொள்ளைநோய்).

12 பாடவேளைக்கு இப்படிப்பட்ட கேள்வி மூன்று போதும். நான்காவது வந்தால் எல்லாமே மேலோட்டமாகிவிடும். மூன்றையும் எழுதியவுடன், முதல் பாடம் நடத்துவதற்கு முன்பே, இறுதித் தேர்வின் பெரிய வினாவையும் எழுதி வைத்துவிடுங்கள். அந்த வினாவுக்கு உதவாத பாடவேளை எது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முதல் நாளில் 10 நிமிடம் ஒதுக்கி, மதிப்பெண் இல்லாத மூன்று கேள்விகளை ஒரு துண்டுத் தாளில் கேளுங்கள்: இடைக்காலம் என்றதும் மனதில் வருவது என்ன? 1000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நாம் எப்படி அறிகிறோம்? அப்போது வாழ்ந்த ஒரு சாதாரண ஆளின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? வரும் விடைகளில் சில நிச்சயம்: எல்லோரும் 30 வயதில் செத்தார்கள், உலகம் தட்டை என்று நம்பினார்கள், மன்னர் தினமும் போருக்குப் போனார். இவற்றை அன்றே திருத்த வேண்டாம். தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் பலவுள் தெரிவு வினாக்களின் தவறான விடைகள் இங்கிருந்துதான் வரும். (30 வயது என்பது சராசரி தரும் மயக்கம். குழந்தைப் பருவ மரணங்கள் சராசரியைக் கீழே இழுத்தன. வளர்ந்து ஆளானவர்களில் பலர் 50, 60 வயதைத் தாண்டியிருக்கிறார்கள். ஐந்து எண்களைக் கரும்பலகையில் எழுதி, 1, 2, 55, 60, 62 என்று வைத்துச் சராசரி காணச் சொன்னால் 36 வரும். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவர்கூட 36 வயதில் சாகவில்லை.)

காலத்தைக் கயிற்றில் அளப்பது

12 வயதுப் பிள்ளைக்கு 1010ஆம் ஆண்டும் 1336ஆம் ஆண்டும் ஒன்றுதான். இரண்டுமே "அந்தக் காலம்". இதைச் சொல்லி மாற்ற முடியாது, அளந்துதான் காட்ட வேண்டும்.

16 மீட்டர் பருத்திக் கயிறு ஒன்று. நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். அளவு: 1 செ.மீ. = 1 ஆண்டு. கயிற்றின் ஒரு முனை கி.பி. 500. ஒவ்வொரு மீட்டருக்கும் வண்ண ஒட்டுநாடா சுற்றுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், ஒவ்வொரு முடிச்சும் நீளத்தை விழுங்கி, ஐந்தாறு நூற்றாண்டு போனதும் கணக்கு உதைக்கும். 15 மீட்டரைத் தாண்டி நம் காலம் வந்துவிடும். வகுப்பறைக்குள் அடங்காது, தாழ்வாரத்துக்குப் போங்கள்.

நிகழ்வு அட்டைகள் எட்டு போதும்: 985 முதலாம் ராஜராஜன் ஆட்சித் தொடக்கம், 1010 தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு, 1066 நார்மானியர் இங்கிலாந்தை வெல்லுதல், 1206 டெல்லி சுல்தானியத் தொடக்கம், 1215 மாக்னா கார்ட்டா (இங்கிலாந்து மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட சாசனம்), 1324 மாலி அரசர் மான்சா மூசாவின் மெக்கா பயணம், 1336 விஜயநகரம், 1348 கறுப்புச் சாவு இங்கிலாந்தை எட்டுதல். துணிக்கவ்வியால் மாணவர்களே தொங்கவிட வேண்டும்.

பிறகு ஒவ்வொருவரும் தன் வயதை அளந்து பார்க்கட்டும்: 12 செ.மீ. வீட்டில் மூத்தவர் 70 செ.மீ. ராஜராஜனின் 29 ஆண்டு ஆட்சி ஒரு ஸ்கேல் நீளம்கூட இல்லை. பெரிய கோயிலுக்கும் விஜயநகரத்துக்கும் நடுவே 3 மீட்டர் 26 செ.மீ., அதாவது நான்கைந்து பாட்டிகளின் வாழ்நாள். இந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும்.

இதே நாளில் நூற்றாண்டுக் கணக்கையும் முடித்துவிடுங்கள். 1010 எந்த நூற்றாண்டு என்றால் பாதிப் பேர் "10" என்பார்கள். முதல் நூற்றாண்டு 1 முதல் 100 வரை. அதனால் 1001 முதல் 1100 வரை 11ஆம் நூற்றாண்டு. விதி புரிந்ததா என்று சோதிக்க 1100, 1101 இரண்டையும் கேளுங்கள். முன்னது 11, பின்னது 12. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் 1100இல் தடுமாறும்.

இடைக்காலம் எப்போது தொடங்கியது என்று ஒரு மாணவராவது கேட்பார். ஐரோப்பிய வரலாற்றில் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த 476ஐ வைத்துத் தொடங்குவது வழக்கம். இந்தியப் பாடநூல்கள் 700ஐ ஒட்டித் தொடங்கி 1700ஐ ஒட்டி முடிக்கும். இரண்டையும் சொல்லி, இந்த எல்லைக்கோடு பிற்கால வரலாற்றாசிரியர்கள் வசதிக்காகப் போட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள். ராஜராஜன் தன்னை இடைக்கால மன்னன் என்று நினைத்ததில்லை.

வரைபடத்துக்கு ஒரே எச்சரிக்கை. இன்றைய நாட்டு எல்லைகள் அச்சிட்ட தாளைக் கொடுத்தால், மாணவர் சோழ அரசை அந்தக் கோட்டுக்குள் நிறைத்து வண்ணம் அடிப்பார். ஆறும் மலையும் கடற்கரையும் மட்டும் உள்ள தாளைக் கொடுங்கள். எல்லையைப் புள்ளிக்கோடாகப் போடச் சொல்லுங்கள், ஏனெனில் அது ஆண்டுதோறும் நகர்ந்தது.

சான்று வாசிப்பு: ஒரு கல்வெட்டு, இரண்டு பாடவேளை

முழு வழிகாட்டியின் முதுகெலும்பு இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இரண்டு முறை ஊர் வாரியத் தேர்வு விதிகள் பொறிக்கப்பட்டன, 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. ஆட்சித் தொடக்கம் 907 என்று சொல்லி, இவை எந்தெந்த ஆண்டு என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 919, 921 என்று வரும். ஒருவர் "907ஐயே முதல் ஆண்டாக எண்ணினால் 918, 920 தானே வரும்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். கல்வெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் "ஏறத்தாழ" என்று போடுவது இதனால்தான்.

மூலக் கல்வெட்டை அப்படியே கொடுத்தால் வகுப்பு மூழ்கிவிடும். சாரத்தை எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள், ஆனால் 80 சொல்லைத் தாண்ட வேண்டாம். புதுச் சொல் ஐந்துக்குள் இருக்கட்டும். மாதிரி:

"ஊரில் 30 குடும்புகள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவர், வேத நூல் அறிவு உடையவர் ஆகியோரின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும்."

தாளின் அடியில் குறிப்பு: குடும்பு என்பது ஊரின் ஒரு பிரிவு, வேலி என்பது நில அளவு, வாரியம் என்பது ஒரு வேலையைக் கவனிக்கும் குழு. நிலம் குறைவாக இருந்தாலும் கல்வி அதிகம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும் ஒரு விலக்கு அந்தக் கல்வெட்டில் உண்டு. முதல் வாசிப்பில் அதை விட்டுவிடலாம். ஆனால் விட்டிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், சுருக்கம் வேறு மூலம் வேறு என்பது அப்போதுதான் பதியும்.

முதல் பாடவேளையில் நான்கு கட்டம். முதலில் யாரும் பேசாமல் இருமுறை வாசிப்பு, 5 நிமிடம். அடுத்து "என்ன சொல்கிறது?": விதிகளை எண்ணி அடிக்கோடிடுதல், 8 நிமிடம். மூன்றாவது "யார் எழுதினார், எதற்காக?": இது சபையின் முடிவு, சபை கூடியபோது அரசு அதிகாரியும் உடனிருந்தார், கோயில் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி வெட்டப்பட்டது. 10 நிமிடம். நான்காவதுதான் சாரம்: "எதைச் சொல்லவில்லை?" பெண்கள் எங்கே? நிலமில்லாதவர் எங்கே? உத்திரமேரூர் பிரமதேய ஊர் (பிராமணருக்குக் கொடையாகத் தந்த ஊர்), சபை பிராமண நில உடைமையாளரின் அவை. வேத அறிவு என்ற ஒரே நிபந்தனை ஊரில் எத்தனை பேரை வெளியே நிறுத்தியது? 12 நிமிடம் விட்டால்தான் பேச்சு வரும்.

கடைசி ஐந்து நிமிடம் வெளியேறும் சீட்டு: "இந்தக் கல்வெட்டிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, சொல்ல முடியாதது ஒன்று." 30 சீட்டைப் பார்க்க 10 நிமிடம்தான் ஆகும். மூன்று குவியலாகப் போடுங்கள்: பிடித்தவர்கள், பாதி பிடித்தவர்கள், பாடநூல் வரியைத் திருப்பி எழுதியவர்கள். மூன்றாம் குவியல் 10ஐத் தாண்டினால் மறுநாள் மேலே போகாதீர்கள்.

இரண்டாம் பாடவேளையில் குலுக்கல். 30 மாணவருக்கும் அடையாள அட்டை: பெயர் வேண்டாம், வயது, நிலம், வீடு, கல்வி, முன் வாரிய அனுபவம், ஆணா பெண்ணா என்பவை மட்டும். யார் யார் ஓலை இடலாம் என்று அவர்களே விதியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அட்டைகளைத் தயாரிக்கும்போது ஆறு பேருக்கு மேல் தகுதி வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தகுதியில்லாத 24 பேர் சுவரோரம் நிற்க ஆறு பேர் மட்டும் குடத்தருகே வரும் காட்சிதான் பாடம். அட்டையில் சாதிப் பெயர் எழுதாதீர்கள். வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அந்தப் பெயரால் பிரித்து நிற்க வைப்பது வரலாறு கற்பிப்பது ஆகாது, காயப்படுத்துவது.

இங்கே அடிக்கடி நேரும் பிழை, முடிவை ஆசிரியரே சொல்லிவிடுவது. "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது" என்று தொடங்கினாலும் சரி, "அது வெறும் மேட்டுக்குடி ஆட்சி" என்று தொடங்கினாலும் சரி, கேள்வி செத்துவிடும். கணக்குக் காட்டாதவரைத் தள்ளிவைத்த விதி இன்றும் வியக்க வைக்கும், தகுதி நிபந்தனை உறுத்தும். இரண்டும் ஒரே கல்லில் இருக்கின்றன.

ஆள் பார்த்ததா, கேட்டதா?

கல்வெட்டுக்கு அடுத்து ஒரு பயணியின் குறிப்பு. மொராக்கோவின் டாஞ்சியரிலிருந்து 1325இல் கிளம்பிய இபன் பதூதா, முகமது பின் துக்ளக்கின் அவைக்கு வந்து டெல்லியில் நீதிபதியாக இருந்தவர். தலைநகரை தௌலதாபாத்துக்கு மாற்றியபோது நகரில் ஒளிந்திருந்த ஒரு பார்வையற்றவரை இழுத்துச் செல்லச் சுல்தான் ஆணையிட்டதாகவும், வழியில் உடல் சிதைந்து ஒரு கால் மட்டுமே போய்ச் சேர்ந்ததாகவும் அவர் குறிப்பில் வருகிறது.

முதலில் இதை மட்டும் வாசியுங்கள். வகுப்பு கொதிக்கும். பிறகு மூன்று தகவல்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுங்கள்: தலைநகர் மாற்றம் 1327 வாக்கில், இபன் பதூதா டெல்லிக்கு வந்தது 1330களில், நினைவிலிருந்து சொல்லி எழுத வைத்தது ஊர் திரும்பிய பிறகு, 1350களில். ஒவ்வொன்றுக்கும் பிறகு "இப்போது எவ்வளவு நம்புகிறாய், பத்துக்கு எத்தனை?" என்று நோட்டில் எண் போடச் சொல்லுங்கள். எண் இறங்கும்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்குப் போய் "அப்படியானால் எல்லாம் பொய்" என்று மாணவர் முடித்துவிடுவார். உடனே அடுத்த கேள்வி: நடந்தது அப்படியே இல்லையென்றாலும், டெல்லி மக்கள் சில ஆண்டுகள் கழித்தும் இப்படியொரு கதையை ஒரு வெளியூர்க்காரரிடம் சொன்னார்கள் என்றால், அந்த மாற்றத்தை அவர்கள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள்? சான்று ஒரு கேள்விக்குப் பலவீனமாகவும் இன்னொரு கேள்விக்குப் பலமாகவும் இருக்கலாம் என்பதை 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில் பிடித்துவிடுவார்கள். 6ஆம் வகுப்புக்கு "பார்த்தாரா, கேட்டாரா?" வரை போதும்.

சில்லு விளையாட்டு: நிலமானியமும் கொள்ளைநோயும்

ஐரோப்பியப் பகுதிக்கு ஒரு பாவனை விளையாட்டு பலன் தரும், சரியாக நடத்தினால். 30 பேரில் இரண்டு பிரபுக்கள், ஒரு பாதிரியார், 27 உழவர். பிரபு ஒருவராக இருக்கக் கூடாது. ஏன் என்பது மூன்றாம் சுற்றில் தெரியும். காகிதச் சில்லு 540 வெட்டி வையுங்கள்.

முதல் சுற்று, நல்ல விளைச்சல்: ஆளுக்கு 20 சில்லு. விதைக்கு 5, திருச்சபைக்குப் பத்தில் ஒன்றாக 2, பிரபுவுக்கு 5, மாவரைக்கப் பிரபுவின் ஆலைக்கு 1. மீதி 7. குடும்பம் உண்ண 6 வேண்டும். ஒன்று மிஞ்சும், மகிழ்ச்சி.

இரண்டாம் சுற்று, மோசமான விளைச்சல்: ஆளுக்கு 14. திருச்சபைப் பங்கு 1 ஆகக் குறையும், ஏனெனில் அது விகிதம். பிரபுவின் 5 குறையாது. விதையும் ஆலைக் கட்டணமும் அப்படியே. கையில் 2. "விதையைத் தின்னலாமா?" என்று யாராவது கேட்பார்கள். தின்னலாம், அடுத்த சுற்றில் விதைக்க இருக்காது. இதை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாம் சுற்று, 1348. சீட்டு எடுத்து 9 உழவர் விலகுகிறார்கள். அவர்களை "செத்தவர்" என்று உட்கார வைக்காமல் பதிவாளர்களாக்கி, நடப்பதை எழுதச் சொல்லுங்கள். இரண்டு பிரபுக்களுக்கும் தலா 12 உழவர் வேண்டும், இருப்பது 18 பேர். ஏலம் தானாகத் தொடங்கும், கூலி ஏறும். ஒரே பிரபு இருந்தால் உழவருக்குப் போக வேறு இடமில்லை, கூலி அசையாது. ஏறியவுடன் விளையாட்டை நிறுத்தி, 1349ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசாணையை வாசியுங்கள்: நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும். வரும் கூச்சல்தான் அடுத்த பாடத்தின் முன்னுரை.

விளையாட்டு 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தது 15 நிமிடம் பேச வேண்டும். பேசாமல் மணி அடித்துவிட்டால் மாணவர் கொண்டுபோவது சில்லு பொறுக்கிய குஷியை மட்டும்தான். பேசும்போது எது நிஜம் எது நம் கற்பனை என்று பிரித்துக் காட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு நிஜம். விதைத்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விளைச்சல் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீட்டை ஒட்டியது. மற்ற எண்கள் விளையாட்டுக்காக வைத்தவை. உழவர் கொடுத்ததில் பெரும் பகுதி தானியமே அல்ல, வாரத்தில் சில நாள் பிரபுவின் நிலத்தில் செய்த கட்டாய உழைப்பு. இதைச் சொல்லாவிட்டால் "இடைக்கால உழவர் 5 சில்லு வரி கட்டினார்" என்று விடைத்தாளில் வரும்.

அண்மையில் வீட்டில் மரணம் கண்ட பிள்ளை இருந்தால் முன்கூட்டியே தனியாகப் பேசிப் பதிவாளராக்கிவிடுங்கள். அடிமை வணிகம், மதத் துன்புறுத்தல், தீண்டாமை ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் நடிக்க வைக்காதீர்கள். அவற்றுக்குச் சான்று வாசிப்பு போதும்.

காரணச் சங்கிலி

கறுப்புச் சாவிலிருந்து இங்கிலாந்தின் 1381 உழவர் எழுச்சிக்கு 33 ஆண்டு, கயிற்றில் 33 செ.மீ. மாணவர் எழுதுவது: "கொள்ளைநோயால் புரட்சி வந்தது." இந்த ஒரு வரிக்குள் என்னென்ன விழுந்து போனது என்று காட்ட ஏழு அட்டை தயாரிக்கவும்: ஆள் பற்றாக்குறை, கூலி உயர்வு, 1349 ஆணை, 1351 கூலிச் சட்டம், பிரான்சுடன் நீண்ட போர், 1377 முதல் தலைவரி மூன்று முறை, 1381 எழுச்சி. நால்வர் குழுவுக்கு ஒரு கட்டு. முதலில் கால வரிசை, பிறகு எது எதைத் தந்தது என்று நூலால் இணைப்பது, கடைசியில் ஒரு அட்டையை எடுத்துவிட்டு "இது இல்லாவிட்டாலும் நடந்திருக்குமா?" என்று கேட்பது.

தலைவரி தீக்குச்சி, கூலிச் சட்டம் விறகு என்று ஒரு குழுவாவது தன் சொல்லில் சொல்லும். உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்ற சொற்களை அதற்குப் பிறகு அறிமுகப்படுத்துங்கள். முன்னால் சொன்னால் மனப்பாடத்தோடு நின்றுவிடும்.

"நாம்", "அவர்கள்"

இடைக்காலப் படையெடுப்புகளை நடத்தும்போது நாக்கில் கவனம் வேண்டும். "முஸ்லிம்கள் படையெடுத்தார்கள்", "நாம் கடாரத்தை வென்றோம்" என்ற இரண்டு வாக்கியத்திலும் ஒரே பிழை. படையெடுத்தவர் கஜினி மாமூது, முகமது கோரி என்ற குறிப்பிட்ட ஆட்சியாளர்கள். 1025இல் கடாரத்தை உள்ளடக்கிய ஸ்ரீவிஜய அரசின் மீது படை அனுப்பியவர் முதலாம் ராஜேந்திரன். ஆட்சியாளர் பெயரையும் அரசின் பெயரையும் சொல்லிப் பழக்குங்கள், விடைத்தாளிலும் அதையே எதிர்பாருங்கள். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய படைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

கொள்ளையும் கோயிற்பொருள் கவர்தலும் ஒரு தரப்புக்கு மட்டும் உரியவை என்று வகுப்பு நினைத்தால் ஒரு சிலை போதும். தாராசுரத்தில் இருந்த சாளுக்கியத் துவாரபாலகர் சிலையின் பீடத்தில், சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்து அங்கிருந்து கொண்டுவந்தது என்று சோழர் தரப்பே தமிழில் வெட்டி வைத்திருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்கவில்லை, பெருமையாகப் பொறித்திருக்கிறார்கள். ஏன் பெருமை என்று கேளுங்கள்.

வினாத்தாள் அமைப்பு

50 மதிப்பெண், 90 நிமிடம். பலவுள் தெரிவு 10, காலக்கோடு 5, முன்பு பார்க்காத சான்று 15, காரண விளக்கம் 10, வாதப் பத்தி 10.

பலவுள் தெரிவில் பெயர், ஆண்டு கேட்பது பாவமில்லை. பத்தில் நான்கு அப்படி இருக்கட்டும். மற்ற ஆறும் இப்படி:

"உத்திரமேரூர் விதிப்படி, 40 வயதான, சொந்த நிலமில்லாத ஒருவர் பெயரைக் குடத்தில் இடலாமா? அ) இடலாம், வயது வரம்புக்குள் இருக்கிறார். ஆ) இடக்கூடாது, நிலத் தகுதி இல்லை. இ) இடலாம், ஊரார் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஈ) இடக்கூடாது, 50 வயது ஆகவில்லை."

இதில் தவறான விடையும் பேசும். "அ" எழுதியவர் ஒரு விதியோடு நிறுத்திக்கொண்டவர். "இ" எழுதியவர் இன்றைய தேர்தலை அங்கே ஏற்றியவர். "ஈ" எழுதியவர் வாசிக்கவே இல்லை. அடுத்து யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பது கையில் கிடைத்துவிட்டது. நான்கு விடையும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், நீளமானதுதான் சரி என்பது பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்த ரகசியம்.

பார்க்காத சான்றுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியமர்த்தப்பட்ட கோயில் பெண்கள்) கல்வெட்டு பொருத்தமானது. வெவ்வேறு கோயில்களிலிருந்து வந்த 400 பெண்களின் பெயர், யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் (கலம் பழைய தானிய அளவு) நெல் பெறும் ஒரு பங்கும். இதை 60 சொல்லில் கொடுத்து மூன்று கேள்வி: என்ன தகவல் இருக்கிறது (3), கோயிலின் பொருளாதார வலிமை பற்றி எதை ஊகிக்கலாம், எந்த வரியிலிருந்து (6), இந்தப் பெண்களின் வாழ்க்கை பற்றி இது சொல்லாதவை இரண்டு, அவற்றை அறிய வேறு எந்த வகைச் சான்றைத் தேடுவாய் (6). வகுப்பில் நடத்திய சான்றையே தேர்விலும் கொடுத்தால் மீண்டும் மனப்பாடத்தையே அளப்பீர்கள்.

வாதப் பத்தியைத் திருத்துவது

வினா: "உத்திரமேரூர் முறை மக்களாட்சியா? உன் கருத்தைச் சான்றுடன் எழுதுக." கீழே உள்ளவை மாதிரிக்காக எழுதிய விடைகள்.

"ஆம், அது மக்களாட்சி. குடவோலை முறை மிகச் சிறந்த முறை. சோழர்கள் சிறப்பாக ஆண்டார்கள்." கருத்து உண்டு, சான்று இல்லை, பாராட்டு மட்டும். 10க்கு 2 அல்லது 3.

"இல்லை. ஏனென்றால் நிலம் உள்ளவர்கள்தான் சேர முடியும். கால் வேலி நிலம் வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது." கருத்தும் சான்றும் சேர்ந்துவிட்டன. இரண்டையும் இணைக்கும் விளக்கம்தான் இல்லை. 5 அல்லது 6.

"முழுதாக இல்லை. கால் வேலி நிலமும் வேத அறிவும் கேட்டதால் ஊரில் பலர் ஓலையே இட முடியாது. மக்களாட்சி என்றால் எல்லோருக்கும் உரிமை வேண்டும். ஆனால் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கியதால், பதவியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இருந்தது." எதிர்ப்பக்கத்தையும் சான்றோடு எடைபோட்டிருக்கிறது. 9 அல்லது 10.

"ஆம்" என்று முடித்தாலும் இதே அளவுகோலில் 10 வாங்க முடிய வேண்டும். முடியாது என்றால் உங்கள் அளவுகோல் உங்கள் கருத்தை அளக்கிறது. இந்த மூன்று மாதிரியையும் தேர்வுக்கு முன்பே வகுப்பில் கொடுத்து, மாணவர்களையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போனாலும் பரவாயில்லை, இதைப் போல எழுத்தை உயர்த்தும் பயிற்சி வேறில்லை.

திருத்தும்போது தாள் தாளாகப் போகாமல் வினா வினாவாகப் போங்கள். 30 பேரின் 5ஆம் வினாவை ஒரே மூச்சில் பார்த்தால் அளவு மாறாது. முதல் ஐந்து தாளைப் பென்சிலில் திருத்தி, சக ஆசிரியர் ஒருவரிடம் மதிப்பெண்ணை மறைத்துக் கொடுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் ஆறாவது தாள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம், ராஜராஜன் ராஜேந்திரனாகி ஆளே மாறிப்போனால் தவிர. அழகான கையெழுத்துக்குத் தெரியாமல் ஒரு மதிப்பெண் கூடிவிடும், அதையும் கவனியுங்கள்.

எழுதத் திணறும் பிள்ளைக்கு மூன்று நிமிட வாய்மொழி வாய்ப்பு: சான்றுத் தாள் கையில், அதே கேள்வி, அதே அளவுகோல். வாயால் 8 வாங்கி எழுத்தில் 3 வாங்குபவருக்கு வரலாறு தெரியும், பத்தி அமைக்கத்தான் தெரியவில்லை. அவருக்கு வாக்கியத் தொடக்கங்கள் கொடுங்கள்: "என் கருத்து…", "கல்வெட்டில்…", "இதிலிருந்து தெரிவது…", "ஆனால்…".

வீட்டுத் திட்டப்பணி பற்றி ஒரு வார்த்தை. தெர்மாகோல் கோட்டைக்கு மதிப்பெண் போட்டால் பெரும்பாலும் அப்பா அம்மாவுக்குத்தான் போடுகிறோம். கோட்டை வேண்டுமானால் வரட்டும், மதிப்பெண் வகுப்பிலேயே எழுதும் அரைப் பக்கக் குறிப்புக்கு: இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன், வாயில் ஏன் வளைந்து போகிறது, முற்றுகை நீண்டால் தண்ணீருக்கு என்ன வழி?

விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளை வீணாக்காதீர்கள். மதிப்பெண்ணைக் கடைசிப் பக்கத்தில் சிறிதாக எழுதுங்கள். முதல் பக்கத்தில் இருந்தால் குறிப்பை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு வாதப் பத்திக்கும் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "எந்த வரியில் இருக்கிறது?", "இதை மறுப்பவர் என்ன சொல்வார்?" 20 நிமிடம் அந்தப் பத்தியை மட்டும் திருப்பி எழுதட்டும். புதிய மதிப்பெண்ணையும் பழையதையும் கூட்டிப் பாதியாக்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பிறகு முதல் நாள் எழுதி வாங்கிய துண்டுத் தாளை அவரவர் கையில் கொடுத்து, அன்று எழுதியதில் இப்போது அடிக்க விரும்பும் வரி எது, எந்தச் சான்றால் அடிக்கிறாய் என்று கேளுங்கள்.